ஊழும் பேரும்: ஊவாத் தோட்டங்களில் தீராத நோய்

மருந்தால் மாறிவிடும் நோய்க்கும் ஆயுள் முழுவதும் உடலோடு தங்கிவிடும் நோய்க்கும் உள்ள வேறுபாடு மருத்துவ நூல்களோடு நின்றுவிடாமல் சமய சிந்தனையையும் நேராகத் தொடுகின்றது. காய்ச்சல் கண்டவர் மாரியம்மனுக்கு நேர்த்தி வைக்கிறார். குணமானதும் திருவிழாவில் அதைச் செலுத்துகிறார். அத்துடன் அவருக்கும் அம்மனுக்கும் இடையிலான கணக்கு தீர்ந்துவிடுகின்றது. ஆனால் எல்ல, தெமோதரை, நமுனுகுலை, பசறை எனப் பரந்து கிடக்கும் ஊவாத் தோட்டங்களில் சீனி வருத்தம் என்று சொல்லப்படும் நீரிழிவும், பிரஷர் என்றே வழங்கும் உயர் இரத்த அழுத்தமும் வந்தவர் எந்த நாளில் தம்முடைய நேர்த்தியைச் செலுத்துவார்? அடங்கியிருக்குமே தவிர அகலாத இந்நோய்களின் முன்னால், துன்பம் எதனால் வருகிறது, அதைச் சுமக்க வேண்டியவர் யார் என்னும் பழைய வினா புதிய கூர்மை பெறுகின்றது.

இத்தகைய நோய்களுக்கு இன்றைய மருத்துவம் வகுத்துள்ள வழி நோய் முகாமைத்துவம் எனப்படும். நோயாளியைப் பதிவு செய்து, குறித்த இடைவெளிகளில் இரத்தத்தையும் அழுத்தத்தையும் சோதித்து, மருந்தின் அளவைத் திருத்தி, உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தி, கண், சிறுநீரகம், பாதம் ஆகியவை கெடுமுன் காப்பதே அதன் நோக்கமாகும். இதனோடு சேர்த்துப் பேசப்படும் முகாமைப்படுத்தப்பட்ட பராமரிப்பு என்பதோ, சிகிச்சைக்குப் பணம் கொடுப்பவரே எந்தச் சிகிச்சை, எவரிடம், எவ்வளவு என்பதையும் வரையறுக்கும் ஏற்பாடாகும். முன்னது நோயை ஆள முயல்கின்றது. பின்னது செலவை ஆள முயல்கின்றது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் வரும்போது எது எதற்குப் பணிகின்றது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும்.

பெயர் பிந்தியதாயினும் பொருள் மலையகத்துக்குப் பழக்கமானதே. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872 இலேயே இலங்கையில் ஒரு கட்டளைச்சட்டம் பிறந்தது. 1912 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்ட நிர்வாகத்தின் கடப்பாடுகளை விரிவாக வகுத்தது. தோட்ட டிஸ்பென்சரி இந்த ஒழுங்கின் குழந்தை. சம்பளம் கொடுத்த கையே லயக் காம்பிராவையும் கொடுத்தது, மருந்தையும் கொடுத்தது. கடல் கடந்த அமெரிக்காவிலும் முன்பணம் செலுத்தும் மருத்துவ முறையின் வேர்களில் ஒன்று வேலைத்தளத்திலேதான் ஊன்றியது. 1933 இல் கலிபோர்னியப் பாலைநிலத்தில் நீர்க்கால்வாய் வெட்டிய தொழிலாளருக்காக மருத்துவர் சிட்னி கார்ஃபீல்ட் நாளுக்கு 5 சதம் என்னும் கணக்கில் அதைத் தொடங்கினார். தொழிலதிபர் ஹென்றி கைசரின் துணையோடு அது வளர்ந்து 1945 இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. 1973 இல் அத்தகைய அமைப்புகளுக்கென அங்கு ஒரு கூட்டாட்சிச் சட்டமே வந்தது. அங்கே தொழிலாளி காசு செலுத்திய பங்காளியாக இருந்தார், இங்கே கங்காணிக்குக் கடன்பட்டவராக இருந்தார் என்ற வேறுபாடு சிறியதன்று. எனினும், நோயாளியை வேலைக்குத் திரும்ப வேண்டிய உடலாக முதலில் காணும் பார்வை இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

அந்தப் பார்வைக்குத் தோட்டத்தில் ஒரு சொல் உண்டு. செக்ரோல் எனப்படும் வரவுப் பதிவேட்டில் ஒருவருக்கு விழும் ஒருநாள் வேலைக் கணக்கே பேர் எனப்படுகின்றது. குறித்த அளவு கொழுந்து நிறையாதபோது அது அரைப் பேராகக் குறைந்துவிடும். வேலைக்கு வராதவருக்குப் பேர் இல்லை. மனிதரின் பெயரைக் குறிக்கும் சொல்லே அவருடைய உழைப்பு நாளையும் குறிக்கும் இவ்வழக்கு, எத்தனை ஆய்வேடுகளாலும் சொல்லிவிட முடியாத உண்மையைச் சொல்கின்றது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சில காலப்போக்கில் அரச சுகாதாரத் துறையின்கீழ் வந்தன. தொற்றா நோய்களை முன்கூட்டியே கண்டறியும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அரச கிளினிக்கில் சோதனையும் மருந்தும் இலவசம் என்பது இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, வெளியே வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டபோதுதான் அந்த இலவசத்தின் விலை பலருக்கு விளங்கியது. ஆயினும் மருந்து அரசிடமும் நாள் கம்பனியிடமும் இருப்பதே தோட்டத்து நோயாளியின் நிலை. எல்லப் பக்கத்து மலைத் தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பதுளை வைத்தியசாலைக்கு விடியுமுன் புறப்பட்டு, வரிசையில் நின்று, கிளினிக் கொப்பியில் எழுதுவித்து, மருந்து வாங்கித் திரும்புவதற்குள் ஒரு பேர் போய்விடுகின்றது. 2016 இன் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாவாக இருந்தபோது, அதற்கு மேற்பட்ட 60 ரூபா வரவுக் கொடுப்பனவு, வேலை வழங்கப்பட்ட நாட்களில் நான்கில் மூன்று பங்குக்காவது வருவோருக்கே உரியதாக இருந்தது. மாதந்தோறும் கிளினிக் செல்வோருக்கு அவ்விதி எதைச் சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் அக்கொடுப்பனவு நீக்கப்பட்டது, 2021 இல் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் தொகை கூடக்கூட, கிளினிக் நாளில் இழக்கப்படும் தொகையும் கூடிற்று.

இந்த நிலையில்தான் ஊழ் என்னும் சொல் வந்து நிற்கின்றது. லயத்தில் பலரும் தம் நோயைத் தலையெழுத்து என்று சொல்லிக்கொள்வதுண்டு. அதை அறியாமை என்று ஒதுக்குவது சுகாதாரப் பிரசாரத்தின் வழக்கம். அவ்வாறு ஒதுக்குவதற்குமுன் அந்தச் சொல்லின் தத்துவத்தைப் பார்ப்பது நல்லது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கின்றது: பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம்; அதிலிருந்து இவ்வுடலோடு அனுபவத்துக்கு வந்தது பிராரத்தம்; அதை அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்வது ஆகாமியம். 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் வழிவந்த இம்மரபில் மிக நுட்பமான கூறு ஒன்றுண்டு. வினை சடப்பொருள், அதற்குத் தன்னறிவில்லை, யாருக்கு எந்தப் பயன் சேர வேண்டும் என்பதை அது அறியாது, ஆதலால் வினையையும் பயனையும் பொருத்துபவன் பதியாகிய இறைவன் ஒருவனே. இதிலிருந்து மறுக்க முடியாத ஒரு முடிவு பிறக்கின்றது. தன் நோயைப் பிராரத்தம் என்று ஏற்றுக்கொள்ளும் அடியவர் தம் வாழ்வை இறைவனோடு பொருத்திக்கொள்கிறார். வேறொருவருடைய நோயைப் பார்த்து அது அவருடைய வினை என்று தீர்ப்புக் கூறுபவரோ, பதிக்கு மட்டுமே உரிய அறிவைத் தமக்கு உரியதாகக் கொள்கிறார். முன்னது பக்தியென்றால் பின்னது ஆணவம். சித்தாந்தம் மூல மலம் என்று சொல்லும் அதே ஆணவம்.

ஊவாவின் மற்றைப் பெருஞ்சமயமான பௌத்தமும் வேறு வழியாக இதே எல்லையை வகுத்திருக்கின்றது. சம்யுத்த நிகாயத்தில், மோலியசீவகன் என்னும் துறவி, மனிதர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால்தான் என்போரைப் பற்றிப் புத்தரிடம் கேட்கிறான். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், உடலை ஒழுங்கற்றுப் பேணுதல், வெளியிலிருந்து நேரும் தாக்கம், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் புத்தர் காட்டி, எல்லாம் வினையே என்போர் கண்கூடான உண்மையைக் கடந்து பேசுகிறார்கள் என்று மறுக்கிறார். வினை எட்டில் ஒன்று. உடலை ஒழுங்கற்றுப் பேணுதலும் எட்டில் ஒன்றே. நோய் முகாமைத்துவத்தைப் பரப்புவோர் இந்த இரண்டாவது பகுதியைத்தான் மிக ஊன்றிப் படிக்க வேண்டும்.

ஏனெனில் வினைக் கொள்கையை மூடநம்பிக்கை என்று தள்ளிய இடத்தில், அதன் உருவிலேயே இன்னொரு கொள்கை வந்து அமர்ந்திருக்கின்றது. சுயபராமரிப்பு என்னும் நல்ல சொல்லே அதன் வாகனம். மா ரொட்டியைக் குறைக்கவில்லை, சீனி போட்ட தேத்தண்ணியை விடவில்லை, கிளினிக்குக்குத் திகதி தவறி வந்தார், ஆகவே கால் புண் அவராகத் தேடிக்கொண்டது என்னும் பேச்சில் முற்பிறவி இல்லை. ஆனால் துன்பப்படுபவரே தம் துன்பத்துக்கு முழுக்காரணம் என்னும் தர்க்கம் அப்படியே இருக்கின்றது. கோதுமை மா ஏன் லயத்தின் அன்றாட உணவாயிற்று, மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண் எந்த நேரத்தில் எதைச் சமைக்க முடியும், திகதி தவறியது எத்தனை பேரைக் காப்பாற்றுவதற்காக என்ற கேள்விகள் அந்தத் தர்க்கத்துக்குள் நுழைவதில்லை. பழைய வினைக் கொள்கையிலாவது பயனைப் பொருத்துபவன் அருளே வடிவானவன் என்ற ஆறுதல் இருந்தது. இந்தப் புதிய கொள்கையில் பயனைப் பொருத்துவது ஓர் அட்டவணை.

திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. அதை வெல்லும் முயற்சிக்கு ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரம் வகுத்தது. மருந்துக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தது. மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியது என்பதால், சுயபராமரிப்பை வள்ளுவர் குறைத்து மதித்தார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தின் உறுப்புகளாக அவர் எண்ணுவன நான்கு: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர். நோயாளி முதலாவதாக நிற்கிறார், தனியாக நிற்கவில்லை. தீராத நோயில் இந்த நான்காமவரே அதிகம் வேண்டப்படுகிறார். தோட்டத்தில் அவர் யார்? பெரும்பாலும் பத்து வயது கடந்த மகள், அல்லது தாமே பிரஷர் மாத்திரை விழுங்கும் கணவர். அவர்களோடு, நோயாளியின் நாளைத் தன் பதிவேட்டில் வைத்திருக்கும் நிர்வாகமும், தமிழில் அறிவுரை சொல்லக்கூடிய ஆளைக் கிளினிக்கில் அமர்த்த வேண்டிய அரசும் அந்த நான்காம் இடத்துக்குரியவர்களே. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. காலையில் எத்தனை மாத்திரை, மாலையில் எத்தனை என்பதைத் தம் மொழியில் கேட்க முடியாதவரிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஆகவே ஊழ் என்னும் சொல்லை நோயாளியிடமிருந்து எவரும் பறிக்க வேண்டியதில்லை. நடுங்கும் குளிரில் விடியற்காலைப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அது அவருக்கு வலிமையாக இருக்குமானால் இருக்கட்டும். அந்தச் சொல்லை, அல்லது அதன் இடத்தில் வந்த பொறுப்பு என்னும் சொல்லை, அவரைப் பார்த்துச் சொல்லும் உரிமை நிர்வாகத்துக்கும் இல்லை, மருத்துவத்துக்கும் இல்லை. அவர்களுக்கு உள்ளது கடமை மட்டுமே. அக்கடமையில் பெருஞ்செலவில்லாத ஒன்றைக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே முடித்துவிடலாம்: கிளினிக் கொப்பியில் முத்திரை விழுந்த நாளுக்குச் செக்ரோலில் முழுப் பேர் போட வேண்டும்.