கடைசியில் நடப்பவரின் வேகம்

பிறந்த ஊரை விட்டுப் புறப்படுகிறவர் பெட்டியில் அடுக்கிக்கொள்ளும் பொருள்கள் பல. சான்றிதழ்கள் இருக்கும், உடைகள் இருக்கும், அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் இருக்கும். பெட்டியில் அடுக்க இயலாதது ஒன்று உண்டு. அது நம்மை அறிந்த மனிதர்களின் கூட்டம். நாம் யார் மகன், யார் பேத்தி, எந்தத் தெரு, எந்தப் பங்கு என்று கேளாமலே அறிந்திருந்தவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். புதிய ஊரில் நமக்கு ஒரு முகவரி விரைவில் கிடைத்துவிடுகிறது. நம் பெயரைச் சொல்லி அழைக்கும் ஒரு குரல் அவ்வளவு விரைவில் கிடைப்பதில்லை.

இது சிலரது கதையன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, முன்பு வாழ்ந்த இடத்தை விட்டு வேறிடத்தில் வாழும் இந்தியர் ஏறத்தாழ 45 கோடிப் பேர். படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் சென்று சேர்ந்த நம் பிள்ளைகளும் இவ்வகையினரே. வாரத்தில் ஐந்து நாள்கள் அலுவலகம், அறை, உணவகம் என்று கழிகின்றன. விடுமுறை வந்ததும் உடன் வேலை செய்வோர் நான்கைந்து பேரோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏதேனும் ஒரு மலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். கூடாரம் அடிக்கிறார்கள், தாங்களே சமைக்கிறார்கள், குளிரில் நெருங்கி அமர்ந்து நள்ளிரவுவரை பேசுகிறார்கள், திங்களன்று உடல்வலியோடும் மலர்ந்த முகத்தோடும் வேலைக்குத் திரும்புகிறார்கள்.

இதைக் கேள்வியுறும் பெரியவர்கள் இரு வகையாகத் தீர்ப்புச் சொல்வதுண்டு. காசைக் கரைக்கும் வீண் வேலை என்பார் ஒரு சாரார். இளமையில் அனுபவிக்கட்டுமே என்பார் மறு சாரார். இரு சாராருமே இதனை ஒரு பொழுதுபோக்காக மட்டுமே காண்கின்றனர். நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. அறிமுகம் அதிகமில்லாத சிலர் காட்டுவழியே நடந்து திரும்பும்போது நண்பர்களாகத் திரும்புகிறார்களே, அந்த நட்பு உண்மையானதுதானா? உண்மையானதெனில், அது அவர்கள் ஒவ்வொருவர் மீதும் எத்தகைய கடமையைச் சுமத்துகிறது?

உப்பும் உணர்ச்சியும்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் 10 பகுதிகளுள் இரண்டை நட்பு பற்றிய ஆய்வுக்கே ஒதுக்கினார். நட்பு மூவகைப்படும் என்பது அவர் கருத்து. பயன் கருதி அமைவது ஒன்று. இன்பம் கருதி அமைவது மற்றொன்று. ஒருவரது நற்பண்பை விரும்பி, அவருடைய நன்மையை அவருக்காகவே நாடுவது மூன்றாவது. முதலிரண்டும் பயனோ இன்பமோ தீர்ந்ததும் கலைந்துவிடும். மூன்றாவது நிலைத்து நிற்கும். ஆனால் அது கனியக் காலம் வேண்டும். சேர்ந்து உப்பை உண்டாலன்றி ஒருவரையொருவர் அறிய முடியாது என்னும் கருத்துள்ள பழமொழி ஒன்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். உப்பிட்டவரை மறவாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இது அயலான கருத்தன்று.

நம் வள்ளுவரோ நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களில் இப்பொருளை ஆராய்கிறார். ஓரிடத்தில் அவர் அரிஸ்டாட்டிலுக்கு எதிர்த்திசையில் செல்வதுபோல் தோன்றும். கூடியிருத்தலும் பழகுதலும் கட்டாயமல்ல. ஒத்த உணர்ச்சியே நட்புரிமையைத் தந்துவிடும் என்பது அங்கே அவர் கருத்து. பரிமேலழகர் இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்றாகக் காட்டுகிறார். உறையூர் மன்னனும் பாண்டிய நாட்டுப் புலவரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பர்களாய் இருந்தவர்கள். அப்படியாயின், சேர்ந்து நடப்பதும் சேர்ந்து உண்பதும் எதற்கு?

இரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது. யார் நமக்கு நண்பராகக்கூடும் என்பதை உணர்ச்சி சொல்கிறது. யார் நண்பராகிவிட்டார் என்பதை உப்பு சொல்கிறது. மன்னன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து, தமக்கென ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த இடத்தில் தாமும் வடக்கிருந்தார் அல்லவா? காணாமலே வளர்ந்த அந்த நட்பும் இறுதியில் ஒரு பயணத்தையும், திறந்த வெளியில் பக்கத்தில் ஓர் இடத்தையும் வேண்டி நின்றது.

கேடும் நன்மை செய்யும், அது நண்பரை அளந்து காட்டும் கோல் என்பதும் வள்ளுவர் கருத்தே. பெருங்கேடு வந்துதான் அளக்க வேண்டுமென்பதில்லை. கூடார வாழ்வு நாமாகத் தேடிக்கொள்ளும் சிறு கேடு. நகரத்தில் ஒருவரோடு பிணக்கு வந்தால் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். மலையில் கதவு கிடையாது. புட்டியில் எஞ்சிய தண்ணீரை யார் குடிக்கிறார், களைத்தவரின் பையை யார் கேளாமலே வாங்கிக்கொள்கிறார், மழையில் நனைந்த இரவில் யார் முணுமுணுக்கிறார், யார் சிரிக்க வைக்கிறார் என்பவை அனைத்தும் இரண்டே நாளில் தெரிந்துவிடுகின்றன. அலுவலகத்தில் இரண்டாண்டு அருகருகே அமர்ந்திருந்தும் தெரியாமற்போனவை இவை.

துடுப்புப் படகில் ஒரு மாமா

கூடாரத்தையும் நட்பையும் இணைத்துச் சிந்திக்கும்போது நம் காலத்துத் திருச்சபையில் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1986இல் சென்னைக்கு வந்து நம் மண்ணில் கால்பதித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால்தான் அவர்.

கரோல் வொய்த்திவா என்ற பெயருடன் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணிபுரிந்த அவர், 1949இல் கிராக்கோவ் நகரின் புனித ஃபுளோரியன் பங்குக்கு மாற்றலாகி வந்தார். அந்நகரின் கல்லூரி மாணவ மாணவியரிடையே பணிபுரிவது அவர் பொறுப்பு. போலந்தைக் கம்யூனிச அரசு ஆண்ட காலம் அது. கோயிலுக்கு வெளியே குருக்கள் இளைஞர் குழுக்களை நடத்துவதற்கு அரசு தடை விதித்திருந்தது. ஆகவே இளைஞரோடு மலைக்கும் ஆற்றுக்கும் செல்லும்போது அவர் குருத்துவ உடை அணியவில்லை. இளைஞரும் அவரைச் 'சாமி' என்னும் பொருளில் அழைக்கவில்லை. 'மாமா' என்று பொருள்படும் 'வூயெக்' என்ற சொல்லால் அழைத்தார்கள். காவலர் காதுக்கு மறைக்க வைத்த பெயர் காலப்போக்கில் உறவின் பெயராகவே ஆகிவிட்டது.

அவர்கள் சென்ற துடுப்புப் படகுகள் இருவர் அமரக்கூடியவை. மனம்விட்டுப் பேச விரும்புகிறவர் மாமாவின் படகில் ஏறிக்கொள்வார். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகத் துடுப்பு வலித்தபடி பேச்சு நடக்கும். காலையில் படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் அதுவே பீடம். துடுப்புகள் இரண்டைக் குறுக்கே கட்டினால் அதுவே சிலுவை. 1958ஆம் ஆண்டுக் கோடையில் இத்தகைய பயணம் ஒன்றில் இருந்தபோதுதான் வார்சாவிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கிராக்கோவின் துணை ஆயராக நியமிக்கப்பட்டிருப்பதைக் கர்தினால் விஷின்ஸ்கி அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 38. நியமனத்தை ஏற்றுக்கொண்ட அவர், ஆற்றங்கரையில் காத்திருந்த நண்பர்களிடமே திரும்பிச் சென்றார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் அப்பயணங்கள் தொடர்ந்தன. அந்த இளைஞர்களின் திருமணங்களை அவர் நடத்தினார். அவர்களின் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்.

1960இல் வெளிவந்த அவருடைய 'அன்பும் பொறுப்பும்' என்ற நூல் இத்தகைய உரையாடல்களில் வேர் கொண்டது. அந்நூலின் மையக் கருத்து எளியது: மனிதரை எதற்கும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது; மனிதரிடம் காட்டத்தக்க சரியான மனநிலை அன்பு ஒன்றே. நம் கேள்விக்கு இது நேரே வந்து பொருந்துகிறது. தனிமையைப் போக்கிக்கொள்ள ஆள் தேடுவது இயல்பே, அதில் தவறில்லை. ஆனால் தனிமை போன பின்னும் அந்த ஆள் நமக்கு வேண்டியவராய் இருக்கிறாரா? அங்கேதான் நட்பு தொடங்குகிறது.

யார் வேகத்தில் நடப்பது?

மலையேறிப் பழகியவர்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வலிமையுள்ளவர்கள் விரைந்து முன்னே சென்று ஓரிடத்தில் அமர்ந்து இளைப்பாறுகிறார்கள். களைத்தவர் மூச்சிரைக்க அங்கே வந்து சேர்ந்ததும், "வந்துவிட்டாயா, புறப்படலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்பட்டவருக்குக் கிடைப்பதில்லை. இதில் யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. எனினும் ஓர் அநீதி நடந்துவிடுகிறது. ஆகவேதான் கடைசியில் நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்க வேண்டும் என்பது மலைவழியின் நல்விதியாயிற்று.

இதற்கு மறுப்பு எழலாம். பணம் சேர்த்து, விடுப்பு எடுத்து, உச்சியைக் காண வந்தவர் ஒருவரின் தளர்ச்சிக்காகத் தம் ஆசையை விட்டுவிட வேண்டுமா? இம்மறுப்பு அற்பமானதன்று. அதற்கான விடை புறப்படுமுன்னரே தொடங்குகிறது. "எளிதான வழிதான், வா" என்று அழைத்தவர், அந்தச் சொல்லால் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அழைக்கப்பட்டவருக்கும் கடமை உண்டு. மூச்சுத் திணறலோ முழங்கால் வலியோ இருப்பதை வெட்கத்தால் மறைப்பவர், தம்மோடு வரும் அனைவரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார். வலிமையுள்ளவர் காட்ட வேண்டியது பொறுமை. தளர்ந்தவர் காட்ட வேண்டியது உண்மை. இவை இரண்டும் முன்கூட்டியே பேசப்பட்டால், உச்சி கைகூடாத பயணமும் கசப்பில்லாமல் முடியும்.

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சன்று; உயிர் பற்றியது. தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் 2018 மார்ச் 11 அன்று சூழ்ந்த காட்டுத்தீ, சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேறச் சென்றிருந்தோருள் 20க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அவர்களுள் பலர் இளைஞர்கள். நண்பர்களோடு ஒரு விடுமுறையைக் கழிக்கச் சென்றவர்கள். மாண்டவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்களின் இழப்பு நம்மைக் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் நமக்கு உரிமையில்லை. வழியை அறிந்தவர் யார், கோடையில் காய்ந்த புல் எப்படிப் பற்றும் என்று சொல்லக்கூடியவர் யார், ஆபத்து வந்தால் திரும்பும் வழி எது என்பவற்றைக் கேட்டுப் புறப்படுவது கோழைத்தனமன்று. உடன் வருபவரின் உயிரை மதிப்பதாகும்.

அந்த ஆண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைவழிகளை முறைப்படி அறிவித்து, காட்டையொட்டி வாழும் மக்களுள் பயிற்சி பெற்றவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் பாதுகாப்புக்கு அப்பாலும் ஒரு பாடம் உண்டு. மலை நமக்கு விளையாட்டுத் திடலாகத் தோன்றலாம். அங்கே வாழ்பவருக்கு அது வீடு. நகரத்தில் அயலாராய் வந்து வாடியவர்கள், மலையில் மீண்டும் அயலாராகிறார்கள். நகரம் தங்களை எப்படி வரவேற்க வேண்டுமென விரும்பினார்களோ, அதே பணிவோடு மலைமக்களின் வாசலில் நிற்பது அறம்.

புறப்படாத பயணங்கள்

இறுதியாக நம் இல்லங்களை நோக்கியும் ஒரு கேள்வி எழுகிறது. முன்னே சொன்ன 45 கோடிப் பேரில் பெரும்பகுதியினர் வேலை தேடிச் சென்ற இளைஞர்கள் அல்லர். அவர்களுள் மிகப் பெரிய பிரிவினர் திருமணத்தால் ஊர் மாறிய பெண்கள். அவர்களுக்கு எந்த மலைப்பயணம் வாய்த்தது? புகுந்த ஊரில் ஒரு தோழியாவது கிடைத்தாளா என்று அவர்களிடம் நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? கணவனின் உறவே அவளுக்கும் உறவு என்று சொல்லி முடித்துவிட்டோம். அவளுடைய தனிமைக்கு நம் பேச்சுவழக்கில் ஒரு பெயர்கூட இல்லை.

நமக்கும் ஒரு கூடார மரபு உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கூட்டங்களைக் காணுங்கள். சாலையோரப் பந்தலில் உறங்குகிறார்கள். யாரோ வார்க்கும் கஞ்சியைச் சேர்ந்து குடிக்கிறார்கள். கொப்புளம் கண்ட காலுக்கு முன்பின் அறியாதவர் மருந்திடுகிறார். ஆணும் பெண்ணும் முதியவரும் அங்கே ஒரே வழியில் நடக்கிறார்கள். அந்த நடையில் கிடைக்கும் தோழமை, ஊர் திரும்பியதும் ஏன் நின்றுவிட வேண்டும்? பங்குக்குப் புதிதாய் வந்த குடும்பத்தைக் கோயில் வாசலில் கண்டு தலையசைப்பதோடு நிறுத்திவிடாமல், ஒருநாள் ஒரு குளக்கரைக்கோ குன்றடிக்கோ கட்டுச்சோற்றோடு அழைத்துச் சென்றால் என்ன? அன்பியக் கூட்டத்தில் ஓராண்டு காலம் பேசாத பெண், கல்லில் அமர்ந்து சோற்றைப் பகிரும்போது பேசத் தொடங்கலாம்.

எவரும் வாழ்நாளெல்லாம் ஓரிடத்திலேயே இருந்துவிடுவதில்லை. இன்று வேகமாக நடப்பவர் நாளை கடைசியில் நடப்பார். அன்று தமக்காக நிற்பவர் ஒருவர் வேண்டுமென விரும்புகிறவர், இன்று திரும்பிப் பார்த்து நிற்கட்டும்.