பெட்டூனியாவின் ஜெபம்: ‘கேபின் இன் த ஸ்கை’ மீண்டும் மேடையேறுமா?

‘கேபின் இன் த ஸ்கை’ என்ற இசை நாடகம் 1940 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில், மார்ட்டின் பெக் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. நடிகர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். கதையை எழுதிய லின் ரூட், பாடல்களை எழுதிய ஜான் லாட்டூஷ், இசையமைத்த வெர்னான் டியூக், இயக்கிய ஜார்ஜ் பாலன்சின் ஆகிய நால்வரும் வெள்ளையர். டியூக்கும் பாலன்சினும் ரஷ்யப் பேரரசில் பிறந்து, புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். நாடகம் 156 காட்சிகள் நடந்தது. 1943இல் எம்.ஜி.எம். நிறுவனம் அதைத் திரைப்படமாக்கியது. அந்தப் படமும் ‘டேக்கிங் எ சான்ஸ் ஆன் லவ்’ என்ற பாடலும் இன்றும் நினைக்கப்படுகின்றன. நாடகம் மட்டும் பெரிய மேடைக்கு முழுமையாகத் திரும்பவே இல்லை. பாடல்களின் தரம் இதற்குக் காரணம் அல்ல. நாடகத்தின் நடுவே இருக்கும் மதக் கேள்வியை என்ன செய்வது என்ற தயக்கம்தான் தடையாக நிற்கிறது.

கதை எளியது. லிட்டில் ஜோ ஜாக்சன் நல்ல மனம் கொண்டவன், ஆனால் சூதாட்டத்திலிருந்து மீள முடியாதவன். தகராறு ஒன்றில் படுகாயமடைந்து சாகும் தறுவாயில் கிடக்கிறான். அவனைக் கொண்டுபோக லூசிஃபரின் மகன் வந்து நிற்கிறான். ஜோவின் மனைவி பெட்டூனியா முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள். அந்த ஜெபத்தின் வலிமையைக் கண்டு, ஆண்டவர் தம் தளபதியை அனுப்பி ஜோவுக்கு ஆறு மாதத் தவணை கொடுக்கிறார். அதற்குள் அவன் திருந்தினால் பரலோகம், இல்லையென்றால் நரகம். தளபதியும் லூசிஃபரின் மகனும் அவன் இருபுறமும் நின்று போராடுகிறார்கள். நரகத்தின் கையில் பரிசு விழுந்த லாட்டரிச் சீட்டும் ஜார்ஜியா பிரவுன் என்ற அழகியும் இருக்கிறார்கள்.

வேடிக்கைக் கதை போலத் தோன்றும் இது, கிறிஸ்தவச் சிந்தனையின் மிகப் பழைய சிக்கல் ஒன்றைத் தொடுகிறது. ஒருவருடைய விசுவாசம் இன்னொருவரை மீட்குமா? மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நான்குபேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்குகிறார்கள். சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டே இயேசு படுத்திருந்தவனிடம் பாவமன்னிப்பைச் சொல்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், விசுவாசியான மனைவியினால் அவிசுவாசியான கணவன் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்ற கருத்து இருக்கிறது. மகன் அகுஸ்தீனுக்காக மோனிக்கா பல ஆண்டுகள் கண்ணீரோடு மன்றாடியதை அகுஸ்தீனே எழுதிவைத்திருக்கிறார். மறுபக்கம், ஒவ்வொருவரும் தம்மைக் குறித்துத் தாமே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ரோமருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. சபைகள் இவற்றைப் பல விதமாக இணைத்துப் பார்த்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இடையிலான இழுபறி ஒருபோதும் முற்றிலும் தீர்ந்ததில்லை.

பெட்டூனியாவின் கதை சரியாக அந்த இழுபறியில் நிற்கிறது. அவள் ஜெபத்தால் ஜோவுக்குக் கிடைப்பது கால அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தை வாழ வேண்டியவன் ஜோதான். மன்றாட்டு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கவில்லை. அவனுக்காகக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைக்கிறது. இறையியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்க முயலும் ஒன்றை முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு இசை நாடகம் காட்டிவிடுகிறது. இந்தப் பலம் பேசப்பட்டதைவிட, நாடகத்தின் பலவீனங்களே அதிகம் பேசப்பட்டிருக்கின்றன.

பலவீனங்கள் உண்மையானவை. கறுப்பின மக்களின் பக்தியைக் குழந்தைத்தனமாகக் காட்டுவது அன்றைய அமெரிக்க மேடையின் வழக்கம். மார்க் கானலி எழுதி 1930இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘த கிரீன் பாஸ்சர்ஸ்’ நாடகம், பரலோகத்தைத் தென்மாநிலத்துக் கறுப்பினக் கிராமமாகவும் கடவுளை அங்குள்ள முதிய போதகராகவும் சித்தரித்தது. ரிச்சர்ட் ஹாரிசன் அந்த வேடத்துக்குத் தந்த கண்ணியம் பலரை நெகிழவைத்தது. ஆனாலும் எளிய மக்களின் எளிய கடவுள் என்ற பார்வை அந்த நாடகத்தின் அடியில் ஓடியது. 1951இல் அது மறுபடி மேடையேறியபோது நீடிக்கவில்லை. ‘கேபின் இன் த ஸ்கை’ அதே அச்சில் வார்க்கப்பட்டது. ‘த கிரீன் பாஸ்சர்ஸ்’ நாடகத்தின் 1936ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் கடவுளாக நடித்த ரெக்ஸ் இங்கிரம்தான் 1940 மேடையிலும் 1943 திரையிலும் லூசிஃபரின் மகனாக வந்தார். வெள்ளை எழுத்தாளர்களின் கற்பனையில் கறுப்பினப் பரலோகத்துக்கும் நரகத்துக்கும் ஒரே நடிகர் போதுமானதாக இருந்தது.

அந்த மக்களின் உண்மையான சமய வரலாறு வேறு. பிலடெல்பியாவில் வெள்ளையர் சபையின் பாகுபாட்டை மறுத்து வெளியேறிய ரிச்சர்ட் ஆலன், 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை உருவாகக் காரணமானார். அடிமைத்தனத்தின் காலத்தில் எஜமானர்களுக்குத் தெரியாமல் காடுகளிலும் குடிசைகளிலும் கூடி ஜெபித்தவர்களின் பாடல்களில், எகிப்திலிருந்து விடுதலையான இஸ்ரவேலின் கதை அவர்களுடைய சொந்தக் கதையாகவே ஒலித்தது. 1903இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் தம் நூலில் இந்தச் சமயத்துக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, போதகர், இசை, ஆவேசம் ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாகக் கூறினார். அவர் கண்டது ஒரு சமூகத்தின் முழு வாழ்வும் கூடும் இடத்தை. பெட்டூனியாவின் ஊரிலும் கோயில் இருக்கிறது, போதகர் இருக்கிறார், பாட்டு இருக்கிறது. அடக்குமுறை மட்டும் இல்லை. அவர்கள் ஏன் அப்படி ஜெபிக்கிறார்கள் என்ற காரணம் மேடையிலிருந்து துடைக்கப்பட்டிருக்கிறது. மறுமேடையேற்றம் முதலில் எதிர்கொள்ள வேண்டிய குறை இதுதான்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. நாடகம் உலகத்தைக் கோயில், கேளிக்கை விடுதி என்று இரண்டாக வெட்டுகிறது. கோயில் பாட்டு கடவுளுடையது, விடுதிப் பாட்டு சாத்தானுடையது. கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 1972இல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறான பார்வையை முன்வைத்தார். பக்திப் பாடல்களும் புளூஸும் ஒரே துயரத்திலிருந்தும் ஒரே தாங்கும் வலிமையிலிருந்தும் பிறந்தவை என்பது அவர் வாதம். வாழ்க்கையே அதற்குச் சாட்சி சொல்கிறது. புளூஸ் பியானோக் கலைஞராக ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் புகழ்பெற்ற தாமஸ் டோர்சிதான் பின்னர் சிகாகோவில் கோஸ்பல் இசைக்குத் தந்தையானார். சனிக்கிழமை இரவின் தாளம் ஞாயிறு காலைக்கு அவரோடு நடந்து வந்தது. கண்டிப்பான சபையோர் முதலில் முகம் சுளித்தாலும், பிறகு அந்தத் தாளம் இல்லாமல் ஆராதனையே இல்லை என்றாயிற்று.

நாடகத்துக்குள்ளேயே இந்தப் பிளவை உடைக்கும் ஓர் இடம் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. ஜோவைத் தேடி பெட்டூனியா விடுதிக்குள் வருகிறாள், மினுக்கும் உடையில் வருகிறாள், ஆடுகிறாள், ஜார்ஜியா பிரவுனின் பாட்டையே அவளைவிட நன்றாகப் பாடுகிறாள். ஜெபிக்கும் பெண்ணுக்கு உடலும் கோபமும் ஆசையும் உண்டு என்று அந்தக் காட்சி காட்டுகிறது. நல்ல இயக்குநருக்கு நாடகத்தின் சாவி அங்கேதான் இருக்கிறது. அதைச் சிரிப்புக்கான திருப்பமாக மட்டும் எடுத்துக்கொண்டால் மீதியெல்லாம் வண்ணப் பொம்மைகளாகிவிடும்.

பெட்டூனியாவாக முதலில் நடித்த எத்தல் வாட்டர்ஸ் இதை நன்றாக உணர்ந்திருந்தார். முதலில் அவர் அந்த வேடத்தை மறுத்தார். பெட்டூனியா வெறுமனே அடிவாங்கும் பாத்திரமாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மாற்றங்கள் செய்த பிறகே ஒப்புக்கொண்டார். திரைப்படம் எடுக்கப்பட்டபோது, சமயத்தைக் கையாண்ட விதத்தைக் கடுமையாக எதிர்த்ததாக 1951இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கு அது தொழில் சார்ந்த பிடிவாதம் மட்டும் அல்ல. 1957இல் நியூயார்க்கில் பில்லி கிரகாமின் நற்செய்திக் கூட்டங்களில் பாடகர் குழுவில் சேர்ந்து, கடைசிக் காலம்வரை அந்த ஊழியத்தோடு இணைந்திருந்தார். பெட்டூனியாவின் ஜெபத்தை அவர் சொன்னபோது, ஒரு பாத்திரத்தின் வசனமும் ஒரு பெண்ணின் விசுவாசமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன.

இங்கே ஒரு மெய்யியல் கேள்வி எழுகிறது. விசுவாசம் உள்ளவர்கள் பேசினால், வெளியாட்கள் எழுதிய வசனம் அவர்களுடையதாகிவிடுமா? நடிப்பு என்பது எழுதியதை ஒப்பிப்பது மட்டும் என்றால், ஆகாது. ஆனால் மேடை அப்படி இயங்குவதில்லை. மூச்சு, இடைவெளி, குரலின் ஏற்ற இறக்கம், எந்த இடத்தில் சிரிக்கவிடாமல் நிறுத்துவது என்ற முடிவு ஆகிய அனைத்தும் நடிப்பவரின் கையில் இருக்கின்றன. அடிமைகளிடம் எஜமானர்கள் கொடுத்த வேதமும் இப்படித்தான் கைமாறியது. கீழ்ப்படிதலைக் கற்பிக்கக் கொடுக்கப்பட்ட நூலிலிருந்தே அவர்கள் விடுதலையை வாசித்தெடுத்தார்கள். அந்த வரலாற்றைக் கொண்ட ஒரு மக்களுக்கு, அடுத்தவர் எழுதிய நாடகத்தைத் தமதாக்குவது புதிய வேலை அல்ல. ஆனாலும் அதற்கு உரிமை வேண்டும்: பிரதியைத் தொடும் உரிமை, இயக்கும் உரிமை, இசையைத் திரும்ப அமைக்கும் உரிமை. நடிக்கும் வாய்ப்பு மட்டும் தந்தால் 1940தான் திரும்ப வரும்.

வின்சென்ட் மின்னெல்லி இயக்கிய முதல் முழுநீளப் படமான திரைவடிவம் இரண்டு முக்கிய மாற்றங்களைச் செய்தது. முதலாவது, முழுக் கதையும் காயம்பட்ட ஜோ கண்ட கனவாக மாறியது. இரண்டாவது, முடிவில் ஜோவின் கணக்கு நேராவது ஒரு பேரேட்டின் வழியாக: மனம் திரும்பிய ஜார்ஜியா பிரவுன் தன் பணத்தையெல்லாம் சபைக்குக் கொடுத்துவிட, அது ஜோவின் பெயரில் வரவாக எழுதப்படுகிறது. சிரிக்கவைக்கும் இந்தத் தீர்வு, பெட்டூனியாவின் ஜெபத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. கிருபை என்பது தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது. பேரேடு வரவையும் செலவையும் மட்டுமே அறியும். லீனா ஹார்ன், லூயி ஆம்ஸ்ட்ராங், டியூக் எலிங்டன் ஆகியோர் பங்களித்த படத்தின் இசைச் செழுமை ஈடில்லாதது. இருந்தும் இறையியலில் மேடை வடிவத்தைவிட அது ஏழை.

மேடைக்கு மீட்கும் முயற்சிகள் குறைவு. 1964இல் நியூயார்க்கில் பிராட்வேக்கு வெளியே சிறிய அளவில் ஒரு முயற்சி நடந்தது. 2016 பிப்ரவரியில் நியூயார்க் சிட்டி சென்டரின் ‘என்கோர்ஸ்’ வரிசையில், கறுப்பின இயக்குநர் ரூபன் சான்டியாகோ ஹட்சன் அதைக் கச்சேரி வடிவில் சில நாட்கள் நடத்தினார். லாஷான்ஸ் பெட்டூனியாவாகவும் நார்ம் லூயிஸ் தளபதியாகவும் பாடினார்கள். பழைய வாத்தியக் குறிப்புகள் தொலைந்துபோயிருந்ததால் ஜானதன் டியூனிக் புதிதாக அமைத்துத் தந்தார். ஆகவே, பாடக் கூடியவர்கள் இல்லை என்றோ இசை கிடைக்காது என்றோ இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மற்ற நாடகங்களின் அனுபவம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. 2012இல் பிராட்வே திரும்பிய ‘போர்கி அண்ட் பெஸ்’ஸில், கறுப்பின நாடகாசிரியர் சூசன் லோரி பார்க்ஸ் பிரதியைத் திருத்தினார். இசையமைப்பாளர் ஸ்டீபன் சோண்ட்ஹைம் மேடையேற்றத்துக்கு முன்பே அந்தத் திருத்தங்களைப் பகிரங்கமாகக் கண்டித்தார்; நம்பிக்கையூட்டும் புதிய முடிவு என்ற யோசனை கைவிடப்பட்டது. ஆனாலும் அதில் நடித்த ஆட்ரா மெக்டொனால்ட் டோனி விருது பெற்றார், தயாரிப்பும் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான விருதை வென்றது. 2016இல் ஜார்ஜ் சி. வுல்ஃப், ‘ஷஃபிள் அலாங்’ நாடகத்தை அப்படியே நடத்தாமல், 1921இல் அது உருவான கதையையே நாடகமாக்கினார். மூன்றாவது வழி, பழையதை விட்டுவிட்டுப் புதிதாக எழுதுவது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1961இல் தந்த ‘பிளாக் நேட்டிவிட்டி’ இயேசு பிறப்பைக் கோஸ்பல் இசையோடு சொன்னது. வினெட் கரோல் அதை இயக்கினார். அந்த நாடகம் இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்க நகரங்களில் நடக்கிறது. சொந்த விசுவாசத்தைச் சொந்தக் குரலில் சொன்ன நாடகத்துக்கு மறுமேடையேற்றம் என்ற பிரச்சினையே வருவதில்லை.

மூன்றாவது வழியே போதும், பழையவற்றை விட்டுவிடலாம் என்று சொல்வோர் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் 1996இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை, கறுப்பினக் கலைஞர்கள் தமக்கென நிறுவனங்களைக் கட்ட வேண்டும் என்று வலியுறுத்தியது. பணமும் அரங்கும் எழுதுவோருக்குப் போகட்டும் என்பது நேர்மையான கோரிக்கை. ஆனால் ‘கேபின் இன் த ஸ்கை’யை முழுவதுமாகக் கைவிட்டால், வாட்டர்ஸ் அதனுள் வைத்துவிட்டுப்போனதும் கைவிடப்படும். அந்த நாடகம் எழுதியவர்களுக்கு மட்டும் சொந்தம் என்று ஏற்றுக்கொள்வதும் ஒரு இழப்புதான்.

நடைமுறையில், பிராட்வேயில் ஒரு பெரிய இசை நாடகத்தைத் தயாரிக்க இன்று கோடிக்கணக்கான டாலர் வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த தலைப்புகளே அங்கு முதலில் இடம்பிடிக்கின்றன. ஆகவே இந்த நாடகத்துக்குச் சாத்தியமான இடம் பிராந்திய அரங்குகளும், கறுப்பின நாடகக் குழுக்களும், பல்கலைக்கழக மேடைகளும்தான். அங்கே பாடகர் குழுவை உள்ளூர் சபைகளிலிருந்தே திரட்டலாம்; ஆராதனையில் பாடிப் பழகிய குரல்களுக்கு, பயிற்சி பெற்ற மேடைக் குரல்களில் எளிதில் வராத ஒரு உறுதி உண்டு. ஜெபக் காட்சியைக் கேலியாக நடிக்க அத்தகைய குழு தானாகவே மறுக்கும்.

பிரதியில் செய்ய வேண்டியவை பெரிதல்ல. எழுத்துக்கூட்டிக் காட்டும் கொச்சை வழக்கைக் களைய வேண்டும். அது யாரும் பேசிய மொழி அல்ல, மேடைக்காகச் செய்யப்பட்டது. ஊரின் வறுமைக்கும் ஜோவின் சூதாட்டத்துக்கும் பின்னால் உள்ள தென்மாநில வாழ்க்கை இரண்டொரு காட்சியில் தெரிய வேண்டும். வேலையும் கூலியும் மறுக்கப்பட்ட ஒருவனுக்கு லாட்டரிச் சீட்டு வெறும் சோதனை அல்ல, கையில் கிடைத்த ஒரே வழியும் அதுதான். அப்போது லூசிஃபரின் மகன் விரிக்கும் வலை உண்மையான வலையாகும், ஆறு மாதத் தவணையும் கனமுள்ளதாகும். முடிவைப் பொறுத்தவரை, திரைப்படத்தின் கனவையும் பேரேட்டையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பரலோக வாசலில் ஜோவை ஏற்றுக்கொள்வதற்கான காரணம் எதுவும் கணக்கில் இருக்க வேண்டியதில்லை. அவனுக்காக மன்றாடும் பெண் ஒருத்தி அங்கே நின்றால் போதும். அந்த மன்றாட்டுக்கு ஏன் அவ்வளவு வலிமை என்று பார்வையாளர்கள் யோசித்துக்கொண்டே எழுந்து போகலாம்.