தலையெழுத்தும் இரத்த எழுத்தும்

"எழுதிய எழுத்தை யார் அழிப்பது?" என்று கேட்டுக் கேட்டே நாட்டை நோய்ப்பாயில் கிடத்தினார்கள். கட்டி எழுந்தால் கர்மவினை. கழலை வந்தால் கிரகக்கோளாறு. பெண்ணுக்குக் குருதி கசிந்தால் முற்பிறப்புப் பாவம். மருத்துவன் வருமுன் மந்திரவாதி வந்தான். மந்திரவாதி போனபின் பாடை வந்தது. அந்தத் தலையெழுத்துக் கோட்டையை இடிக்கப் பகுத்தறிவாளர் பட்ட பாடு கொஞ்சமா? கேட்ட ஏச்சு கொஞ்சமா?

இன்று வேறோர் எழுத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மண்டையோட்டில் அல்ல, இரத்தத்தில் எழுதியிருக்கிறது என்கிறார்கள். மூச்சில் எழுதியிருக்கிறது, சிறுநீரில் எழுதியிருக்கிறது என்கிறார்கள். சொல்பவர் சோதிடர் அல்லர், விஞ்ஞானிகள். அந்த எழுத்தைத் தொட்டறியும் உணர்கருவி வந்துவிட்டது. பொருள் கூறும் கணிப்பொறியும் வந்துவிட்டது. புற்றுநோய் தன் முகத்தைக் காட்டுமுன்பே அதன் நிழலைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும், சோதிடனிடம் "சான்று எங்கே?" என்று கேட்ட நாம், கருவியிடம் அதே கேள்வியைக் கேட்கலாமா, கூடாதா? கேட்டால் விஞ்ஞானப் பகைவர் ஆகிவிடுவோமா? முன்கூட்டி அறிவது எப்போதும் நன்மைதானா?

இது ஏட்டுச் சுரைக்காய்க் கேள்வி அன்று. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை காண 1954 வரை ஓயாது உழைக்க வைத்தது. 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அண்ணாவை நம்மிடமிருந்து பறித்ததும் இந்நோயே. "இன்னும் கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால்!" என்று ஏங்காத குடும்பம் ஊருக்கு ஒன்றேனும் உண்டா? அந்த ஏக்கத்தை அறிந்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கருவியின் பெருமையைக் கூறிவிடுவோம். மனிதன் வெளியிடும் மூச்சு வெறுங்காற்று அன்று. வேதியியலறிஞர் லைனஸ் பாலிங் 1971-இல் அதை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 250 பொருள்கள் ஆவியாக அதில் கலந்திருக்கக் கண்டார். 1989-இல் இலண்டன் மருத்துவர் இருவர் ஒரு கடிதம் வெளியிட்டனர். ஒரு பெண்மணியின் நாய், அவர் காலில் இருந்த ஒரு மச்சத்தை மட்டும் விடாது மோப்பம் பிடித்ததாம். வெட்டியெடுத்துப் பார்த்தால், கொடிய தோற்புற்று! நாய்க்குத் தெரிந்தது நமக்குத் தெரியக்கூடாதா என்ற வேட்கை வளர்ந்தது. அதற்கு ஏழாண்டு முன்னரே, 1982-இல், இங்கிலாந்தில் பெர்சாட், டாட் என்ற இருவர் மின்னணு மூக்குக்கு வழிகாட்டியிருந்தனர். அதன் நுட்பம் எளிதானது. ஒவ்வோர் ஆவிக்கும் தனித்தனிக் கருவி வேண்டாம். பல உணரிகளை வரிசையாக வைத்தால், ஓர் ஆவிக்கு ஒன்று மிகுதியாகவும் ஒன்று குறைவாகவும் அசையும். அந்த அசைவுகளின் மொத்தக் கோலமே அந்த மணத்தின் கையொப்பம். கையொப்பங்களை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டு, இது நோயாளியுடையது, இது நலமுள்ளவருடையது என்று பிரிக்கக் கற்பதே கணிப்பொறியின் வேலை.

அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கணிப்பொறி கோலத்தைக் காணும், காரணத்தைக் காணாது. நோயாளிகள் எல்லாரும் புகைபிடிப்பவராகவும், நலமுள்ளவர் எல்லாரும் புகைபிடிக்காதவராகவும் இருந்தால், அது புகையிலையைக் கண்டுபிடித்துவிட்டுப் புற்றுநோயைக் கண்டேன் என்று கூவும். பொய் சொல்லும் எண்ணம் அதற்கு இல்லை. அதற்கு எண்ணமே இல்லை!

2002-இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் குழு, ஒரு சொட்டு இரத்தநீரில் உள்ள புரதங்களின் கோலத்தைக் கணிப்பொறியிடம் கொடுத்துச் சூற்பைப் புற்றுநோயை அறிய முயன்றது. நோயுள்ள 50 பேரையும் அது பிழையின்றிக் கண்டது. நோயற்ற 66 பேரில் 63 பேரைச் சரியாக விடுவித்தது. உலகமே வியந்தது, செய்தித்தாள்கள் விழா எடுத்தன. ஆனால், அந்தக் குழு தன் எண்களை மறைக்காமல் எல்லார் பார்வைக்கும் வைத்திருந்தது. டெக்சாசைச் சேர்ந்த கணக்கறிஞர்களான பேகர்லியும் கூம்ப்சும் அவ்வெண்களை எடுத்துத் துருவினர். கருவி கண்ட வேறுபாடு நோயால் வந்ததாக இராமல், மாதிரிகளைக் கையாண்ட முறையாலும் பொறியின் ஓட்டத்தாலும் வந்ததாகவே இருக்கக்கூடும் என்று 2004-இல் காட்டினர். வியப்பு வடிந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் கருவி சொன்னபடியே செயல்பட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஒரு லட்சம் பெண்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேருக்குச் சூற்பைப் புற்றுநோய் இருக்கட்டும். அந்த 40 பேரையும் கருவி கண்டுவிடும். மிச்சமுள்ள 99,960 பேரில் நூற்றுக்கு ஐந்து வீதம் தவறிழைக்கும். அதாவது 4,998 பெண்களிடம், நோயே இல்லாத நிலையில், "உனக்குப் புற்று இருக்கலாம்" என்று சொல்லும். எச்சரிக்கப்பட்ட 126 பேரில் ஒருத்திக்குத்தான் நோய். மற்ற 125 பேரும்? சூற்பை வயிற்றின் ஆழத்தில் இருப்பது. ஐயம் தீர வேண்டுமானால் கத்தி எடுக்க வேண்டிய கட்டம் பலருக்கு வரும். 'நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி' என்னும் விளம்பரத்திற்குள் எத்தனை பெண்களின் தூக்கமற்ற இரவுகள் ஒளிந்திருக்கின்றன! விழுக்காடு என்பது ஏழைக்கும் எளியவர்க்கும் இன்னும் கற்றுத்தரப்படாத மொழி. அதைத் தெரிந்தவன் தெரியாதவனிடம் பாதி மட்டும் சொல்வது சமற்கிருத மந்திரம் ஓதிக் காசு பறிப்பதற்கு எவ்வகையில் உயர்ந்தது?

சரி, தவறான எச்சரிக்கை தீமை. உண்மையான எச்சரிக்கை நன்மைதானே என்பீர். அதையும் ஒரு நாடு பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 2,02,638 பெண்களைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு ஆண்டுதோறும் இரத்தச் சோதனை. அதில் வரும் எண்ணை அந்தப் பெண்ணின் பழைய எண்களோடு ஒப்பிட்டு ஏற்ற இறக்கத்தைக் கணிப்பொறி கணிக்கும். இன்னொரு பிரிவினர்க்கு ஒலியலைப் படம். மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்றுமில்லை. இருபதாண்டு காத்திருந்து 2021-இல் விடை சொன்னார்கள். இரத்தச் சோதனைப் பிரிவில் நோய் முன்னதாகவே பிடிபட்டது. முற்றிய நிலையில் பிடிபட்டவர் தொகை குறைந்தது. ஆனால் சாவு? மூன்று பிரிவிலும் அந்நோயால் இறந்தவர் ஏறத்தாழ 0.6 விழுக்காடு. குறையவில்லை!

எப்படி இது? ஒரு பெண் 65-ஆம் வயதில் இந்நோயால் இறக்கப்போகிறாள் என்று கொள்வோம். 63-இல் தெரிந்தால் "நோயோடு ஈராண்டு வாழ்ந்தாள்" என்பார்கள். 60-இல் தெரிந்தால் "ஐந்தாண்டு வாழ்ந்தாள், பார்த்தீர்களா முன்னறிவின் மேன்மையை!" என்பார்கள். நீண்டது வாழ்வு அன்று, அச்சம். அறிந்தபின் செய்வதற்கு ஏதேனும் ஒன்று இருந்து, அது முன்பே செய்தால் பயன் தருவதாகவும் இருந்தால்தான் முன்னறிவு அறிவாகும்.

ஜப்பானின் கதை இதனினும் உருக்கமானது. 1980-களின் நடுவில் அந்நாடு ஆறுமாதக் குழந்தைகள் எல்லாரின் சிறுநீரையும் சோதிக்கத் தொடங்கியது. குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை நரம்புப் புற்று, சிறுநீரில் சில வேதிப்பொருள்களைக் கசியவிடும். தாளில் சில சொட்டுகளை உலர்த்தி அனுப்பினால் போதும். குத்தல் இல்லை, வலி இல்லை. எந்தத் தாய் மறுப்பாள்? நோயுள்ள குழந்தைகள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டனர், பிழைக்கவும் செய்தனர். வெற்றி முரசு கொட்டியது. ஆனால், கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் சோதித்த பகுதிகளைச் சோதிக்காத பகுதிகளோடு ஒப்பிட்டு 2002-இல் வெளிவந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. பிடிபட்ட கட்டிகளில் பல, விட்டிருந்தால் தாமாகவே கரைந்து மறைந்திருக்கும். கொல்லக்கூடிய கட்டிகளோ அந்த வயதுச் சோதனையில் பெரும்பாலும் சிக்கவில்லை. சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. தானே மறையவிருந்த கட்டிக்காகப் பச்சைக் குழந்தையின் உடலில் கத்தி பாய்ந்திருக்கிறது. கடும் மருந்து ஏறியிருக்கிறது. அதனால் ஊறுபட்ட குழந்தையின் தாயோ, "என் பிள்ளையைக் காப்பாற்றினார்கள்" என்று கைகூப்பிக்கொண்டிருப்பாள். அவளிடம் யார் போய் உண்மையைச் சொல்வது? சொன்னால்தான் அவள் நம்புவாளா? 2003-இல் ஜப்பான் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்த முடிவு செய்தது.

இதைப் படித்து வைதிக நண்பர்கள் வாய்நிறையச் சிரிக்க வேண்டா. "பார்த்தீர்களா, விஞ்ஞானமும் பொய்த்தது!" என்று பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வர வேண்டா. சோதிடம் பலித்தால் சோதிடன் திறமை; பலிக்காவிட்டால் நீ கொடுத்த பிறந்த நேரம் பிழை. அவன் தோற்ற வரலாறே கிடையாது. இங்கோ, இருபதாண்டு உழைத்தவர்களே முன்வந்து, "நாங்கள் நம்பியது நடக்கவில்லை" என்று தம் கையால் எழுதினார்கள். ஓர் அரசு தன் பெருமைக்குரிய திட்டத்தைத் தானே நிறுத்தியது. தன் தோல்வியைத் தானே அச்சிடும் சாத்திரம் உலகில் வேறு உண்டா? சான்று கேட்பவனை விஞ்ஞானம் பகைவனாக நினைப்பதில்லை. அவனில்லாமல் அது நடக்காது.

பகைவன் வேறிடத்தில் இருக்கிறான். 2021-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை சந்தைக்கு வந்தது. இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளின் மீதுள்ள வேதிக்குறிகளைக் கணிப்பொறி படித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களின் தடத்தைத் தேடும். விலை 949 டாலர். அரிய ஆராய்ச்சிதான், குறை கூறவில்லை. ஆனால் அதனால் சாவு குறையும் என்ற சான்று கிடைக்குமுன்பே விலை கிடைத்துவிட்டது. அச்சத்தை விற்பது கோயில் வாசலில் மட்டுமே நடக்கும் தொழில் அன்று.

இவ்வளவும் சொன்னபின், நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அங்கே கணிப்பொறி இல்லை. பொன்துகள் உணரி இல்லை. இருந்தது வினிகர்! கருப்பை வாயில் 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறத் தொடங்கிய திசு வெளுத்துக் காட்டும். ஏழைக்கு ஏற்ற வேதி உணரி அது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுவரை உள்ள 49,311 பெண்களை ஒரு பிரிவாகவும் 30,958 பெண்களை மற்றொரு பிரிவாகவும் கொண்டனர். முதற்பிரிவினரை அழைத்துப் பயிற்சி பெற்ற செவிலியர் சோதித்தனர். வெண்மை கண்டவர்க்கு மேற்சோதனை செய்து, வேண்டியவர்க்குக் குளிர்முறைச் சிகிச்சையும் அளித்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த அச்சோதனையால் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் வரும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. முன்பே கண்டால் செய்வதற்கு ஒன்று இருந்தது. அதனால் முன்னறிவு உயிர் காத்தது.

ஆனால் அந்த 30,958 பெண்கள்? அவர்களைச் சோதிக்காமல் விட்டதால்தானே நமக்கு இந்த அறிவு கிடைத்தது! மேல்நாடுகளில் கருப்பை வாய்ச் சோதனையின் பயன் பல்லாண்டாகத் தெரிந்திருக்க, இங்கே ஒரு பகுதியினரைச் சோதனையின்றி விட்டது அறமா என்ற கேள்வி பின்னாளில் கடுமையாக எழுந்தது. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் நடந்த இதுபோன்ற ஆய்வுகளையும் சேர்த்தே கேட்டார்கள். "நாட்டில் எவருக்குமே சோதனை கிடைக்காத காலத்தில், கிடைக்காதவரை ஒப்பிட்டதில் பிழை என்ன?" என்பது மறுமொழி. அந்த மறுமொழி எனக்கு நிறைவு தரவில்லை. கிடைக்காமை இயற்கையின் கட்டளையா? வறுமையும் புறக்கணிப்பும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டையே அளவுகோலாக வைத்து அளப்பது, தீண்டாதவனைக் கிணற்றருகே விடாமல் வைத்துவிட்டு, அவன் தாகத்தை அளப்பதற்கு ஒப்பாகும். ஆனாலும், ஒப்பிடாமல் இருந்திருந்தால் வினிகரின் ஆற்றலை நாம் நம்பியிருப்போமே தவிர அறிந்திருக்கமாட்டோம். ஜப்பானியர் நம்பியதைப் போல. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நான் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்வேன்: அந்த ஊர்களின் பெண்கள் நமக்குக் கடன் கொடுத்தவர்கள். அவர்கள் உயிரை ஈடாக வைத்து நாம் பெற்ற அறிவு, பெற்ற நாளிலிருந்தே எல்லாப் பெண்களுக்கும் உரிமையாகிவிட்டது.

கடனைத் தீர்த்தோமா? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு விடை சொல்கிறது. 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில், கருப்பை வாய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் இந்தியாவில் நூற்றுக்கு 1.9 பேர். தமிழ்நாட்டில் 9.8 பேர். பிற மாநிலங்களை நோக்க நாம் முன்னணியில் நிற்கிறோம் என்று மார்தட்டுவோர் தட்டட்டும். ஆய்வு நடந்த திண்டுக்கல்லும் இந்தத் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. அதன் முடிவு வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய கணக்கு இது. நூறு பெண்களில் தொண்ணூறு பேரை அந்த வினிகர்க் கிண்ணம் இன்னும் எட்டவில்லை.