தொடாமல் காப்பது காவலாகுமா?

அமானிதமாக ஒரு பொருளை ஒருவர் நம்மிடம் ஒப்படைத்தால், அதைத் தொடாமல் வைத்திருந்து அப்படியே திருப்பித் தருவதே கடமை என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். பொன்னுக்கு இது பொருந்தும். ஆனால், வைத்தது வைத்தபடி இருக்கும்போதே கெட்டுப்போகும் பொருள்களும் உலகில் உள. அவற்றை எவ்வாறு காப்பது?

சுருளிப்பட்டியில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். மகன் துபாயில் பொருளீட்டுகிறார். விடுமுறையில் வந்தவர், இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறார். (நம் ஊர்ச் சாலைக்கு இவ்வண்டி எதற்கு என்று கேட்போர் கேட்கட்டும், அது வேறு வழக்கு.) பயணம் புறப்படும் நாளில் சாவியைத் தந்தையார் கையில் கொடுத்து, "அத்தா, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அத்தாவும் சொல் தவறவில்லை. வண்டியைத் துணியால் மூடி, கொட்டகையைப் பூட்டி, மூன்றாண்டுகள் ஒருவரையும் அண்டவிடவில்லை. மகன் திரும்பி வந்து சாவியைத் திருகுகிறார். வண்டியில் சிறு முனகல்கூட இல்லை. அமானிதம் காக்கப்பட்டதா?

மோட்டார் வண்டியை அறியாத 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தம் 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்னும் ஷாஃபிஈ சட்ட நூலில் இதற்கு மிக நெருங்கிய கேள்வியை எடுத்துப் பேசுகிறார்கள். கம்பளி ஆடையை அடைக்கலமாகப் பெற்றவர், புழு அரிக்காதபடி அதைக் காற்றில் விரித்துப் போட வேண்டும். அணிந்தால்தான் கெடாது என்னும் நிலை வந்தால் அணியவும் வேண்டும். கால்நடையைப் பெற்றுத் தீனி போடாது விட்டவர் அதற்கு ஈடு தரக் கடமைப்பட்டவர். உடையவரே தீனி போட வேண்டாம் என்று தடுத்திருந்தால்? அப்போது ஈடு இல்லை என்பதே சரியான கருத்து என்கிறார்கள். ஆயினும் அவர் குற்றத்திலிருந்து தப்பமாட்டார், உயிருக்கென்று ஒரு கண்ணியம் உண்டு என்கின்றனர் உரை வகுத்தோர்.

காருக்கு உயிரில்லை, மகனே தொட வேண்டாமென்று சொல்லியுமிருக்கிறார், எனவே அத்தாமீது யாதொரு பொறுப்பும் இல்லை எனத் தீர்ப்புக் கூறிவிடலாம். நமக்கு அது நிறைவளிக்கவில்லை. கம்பளிக்கும்தான் உயிரில்லை! "தொடாதீர்கள்" என்ற சொல்லின் உட்பொருள் வண்டி கெடக்கூடாது என்பதன்றி வேறென்ன? அத்தா சொல்லைக் காத்தார். சொல்லின் கருத்து கொட்டகையிலேயே துருப்பிடித்தது. அவரும் அறியாதவரல்லர். திராட்சைப் பந்தலைக் கவாத்துச் செய்யாமல் பூட்டி வைத்துவிட்டு, "பத்திரமாகக் காத்தேன்" என்று சுருளிப்பட்டியில் எவரேனும் சொல்வாரா? ஆயினும் பெரும் பொறுப்பு மகனுடையது என்றே நாம் கருதுகிறோம். சாவியைக் கொடுத்தவர், அந்த வண்டி உயிர்ப்புடன் இருக்க வேண்டியவற்றைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

செல்வம் மிகுந்தவர்க்கும் இது நேர்ந்துள்ளது. புரூணை அரச குடும்பத்தார் 1990-களில் ஃபெராரி, மக்லாரன் முதலிய வண்டிகளை வாங்கிக் குவித்தனர். அவற்றுள் பல, ஓட்டுவாரின்றி அந்நாட்டின் ஈரக் காற்றில் பாழாயின என்று நேரில் கண்டோர் எழுதியுள்ளனர்.

நின்ற வண்டிக்குள் நடப்பது என்ன? பேட்டரி தானே வடிகிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கப்படும் எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. நீர் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்குகிறது. பிரேக் ஆயிலும் ஈரம் குடிக்கும். ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் தட்டையாகிறது. சிலிண்டர்ச் சுவரிலிருந்து ஆயில் வழிந்து இறங்கிவிட, அங்கே துரு படர்கிறது. எலிகளோ வயரைக் கடித்து, காற்று வடிகட்டியில் கூடும் கட்டிவிடுகின்றன. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைப்பதும் போதாது. சூடேறாத என்ஜினில் உண்டாகும் நீர் ஆவியாகாமல் ஆயிலிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். அரைகுறைக் கவனிப்பைவிடப் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைப்பது மேல்.

இப்போது மகன் என் செய்ய வேண்டும்? இவ்விடத்தில்தான் பெருந்தவறு நிகழ்கிறது. மூன்றாண்டுகளில் நேராத சேதம், புதுப் பேட்டரி வைத்து ஆத்திரத்தோடு சாவியைத் திருகும் அந்த ஒரு நிமிடத்தில் நேர்ந்துவிடக்கூடும். காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் உராயும். வலுவிழந்த டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும். ஆகவே முதலில் பழைய பெட்ரோலை வடித்தெடுக்க வேண்டும். ஆயிலையும் பிரேக் ஆயிலையும் மாற்ற வேண்டும். பெல்ட்டை, ஓடிய தூரத்தை நோக்காது அதன் வயதை நோக்கிப் புதுப்பிக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களில் சிறிது ஆயில் விட்டு, ஓரிரவு ஊறவிட்டு, ஸ்பேனரால் என்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தடையின்றிச் சுழன்றால், தீப்பொறி இல்லாமலே ஸ்டார்ட்டரால் சில சுற்றுகள் சுழற்றி ஆயில் எங்கும் ஏறியபின்னரே உயிரூட்ட வேண்டும்.

என்ஜின் பாடத் தொடங்கியதும் லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதையில் ஏற்றிப் பார்க்க இளைஞர் மனம் துடிக்கும். ஏறிவிடலாம், இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். முதல்நாள் ஊருக்குள், நடைவேகத்தில், அத்தாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு போய் வரட்டும். அடுத்த பயணத்துக்குமுன் அவரிடம் சொல்ல வேண்டியவற்றை அப்போதே சொல்லிவிடலாம்.