ஏரிக்கரையில் கேட்கும் கேள்வி



தைப்பூசம் முடிந்து மாசி பிறந்தாச்சு. நமக்கு இங்கே குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் வடக்கே சீனாவில் குளிர் தாங்காமல் கிளம்பிய பறவைகள், லகாட், பத்து காஜா பக்கத்து ஈயக்குட்டைகளில் இன்னும் இருக்கின்றன. சீனக் குளக்கொக்கைப் பாருங்க. கரையில் நின்றால் மண் நிறம், பறந்தால் பளிச்சென்று வெள்ளை இறக்கை. ஊர் திரும்பும் நாள் நெருங்கும்போது தலையும் கழுத்தும் செம்பழுப்பாக மாறிவிடும். அதற்குள் ஒரு தடவையாவது போய்ப் பார்த்துடுங்க.

சாமி விஷயம் பேச வந்தவர் கொக்கைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று கேட்பீங்க. மகாபாரதத்தில் தருமமே கொக்காக வந்திருக்கிறது!

பாண்டவர்கள் காட்டில் தாகத்தால் தவிக்கிறார்கள். ஒரு பொய்கை தெரிகிறது. நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன் ஒவ்வொருவராகப் போகிறார்கள். "முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்" என்கிறது ஒரு குரல். யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீரைக் குடித்தார்கள், விழுந்தார்கள். கடைசியாக வந்த தருமர் மட்டும் நின்று கேட்டார். வியாச பாரதத்தில் அந்தக் குரல் முதலில் தன்னை ஒரு கொக்கு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பிறகு யட்சனாகி, முடிவில் தருமதேவன் என்று தெரிகிறது.

எல்லாக் கேள்விக்கும் தருமர் பதில் சொன்னார். "ஒரு தம்பியை மட்டும் எழுப்புகிறேன், யார் வேண்டும்?" என்றது குரல். பீமனையோ அர்ச்சுனனையோ அவர் கேட்கவில்லை. "குந்திக்கு நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை வேண்டும்" என்று நகுலனைக் கேட்டார். அந்த நியாயத்துக்காக நான்கு பேருமே எழுந்தார்கள்.

நம்ம ஈயக்குட்டைகளின் கதையும் இதுதான். பல காலம் இந்தக் கிந்தா மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தார்கள். 1985-ல் ஈய விலை சரிந்ததும் பள்ளத்தை அப்படியே விட்டுப் போனார்கள். மழை அதை நிரப்பியது. புல் முளைத்தது, மீன் வந்தது, நாரையும் சீழ்க்கைச் சிறகியும் குடியேறின. மனிதன் கைவிட்ட இடத்தில் இறைவன் குடும்பம் நடத்துகிறான்.

அங்கே நாம் என்ன செய்கிறோம்? மீன் பிடித்துவிட்டு அறுந்த தூண்டில் நரம்பைக் கரையிலேயே போடுகிறோம். அது கொக்கின் காலில் சுற்றினால் அதுக்கு அவிழ்க்கத் தெரியாது. பட்டினியிலேயே சாகும். பூசைப் பொருளைப் பிளாஸ்டிக் பையோடு தண்ணீரில் விடுகிறோம். இதுவும் கேள்வியைக் கேட்காமல் குடிப்பதுதானே?

தமிழ்நாட்டில் வேடந்தாங்கல் கிராமத்தார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடமே போய் முறையிட்டுத் தடுத்தார்கள். அது 18-ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. அவர்கள் படித்த பட்டதாரிகள் இல்லை, உழவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த மாசி மகத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, நான்கு பேர் சேர்ந்து போங்க. ஈயக்குட்டை ஓரம் திடீரென்று ஆழமாகும், மண்ணும் சரியும். அதனால் தண்ணீரை விட்டுத் தள்ளியே நில்லுங்க. கிடக்கும் நரம்பையும் பையையும் பொறுக்குங்க. பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்க. கொக்கு ஒற்றைக் காலில் நின்று உங்களையே பார்க்கும். என்ன கேட்கிறது என்று உங்களுக்கே புரியும். பதிலை வாயால் சொல்ல வேண்டாம், கையால் சொல்லுங்க.

எல்லா உயிரும் இன்புற்றிருக்க இறைவன் அருள் புரிவானாக.