கொடுப்பவர் உரிமையும் குடியிருப்பவர் உரிமையும்

விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது, ஊரில் இருப்பவர் பெயரோடு ஊரைவிட்டுப் போனவர் பெயரும் ஏட்டில் ஏறும். ஆள் சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் வரி வந்து சேர வேண்டும். வெளியேறியதால் ஒருவர் ஊர்க்காரர் என்பது இல்லாமல் போகாது என்பதே இதன் பொருள். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் வட்டாரத்தில், பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் சோறு போடும் ஊர்களில், இந்தப் பிணைப்பு இன்று கோயில் வரியைத் தாண்டி வளர்ந்திருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் கூடிப் பேசிப் பள்ளிக்கு வகுப்பறை கட்டுகிறார்கள், தெருவுக்கு விளக்குப் போடுகிறார்கள், கோயிலுக்குக் குடமுழுக்கு நடத்துகிறார்கள். பணம் அவர்களுடையது. ஊருக்கு எது தேவை என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதா? இது அறம் சார்ந்த கேள்வி.

இந்த மண்ணுக்கு இது புதிய கேள்வி அன்று. திருநெல்வேலியின் தென்கோடிப் பனங்காட்டிலிருந்து வடக்கே வந்து சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் கடை விரித்த நாடார் வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே மகமை என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். வாங்கி விற்கும் சரக்குக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு ஒவ்வொரு வணிகரும் தங்கள் சாதிச் சங்கமான உறவின்முறையின் பொதுப் பணத்தில் சேர்த்தார்கள். வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்குவதற்கான பேட்டைகள் அந்தப் பணத்தில் எழுந்தன. பிறகு கிணறுகளும் பள்ளிகளும் வந்தன. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியாலும் நடந்த பள்ளி.

மகமையின் சிறப்பு அதன் தொகையில் இல்லை. அது யாருடைய தயவிலும் நிற்கவில்லை என்பதில்தான் இருக்கிறது. பெரிய வியாபாரி அதிகம் கொடுத்தார், சின்ன வியாபாரி குறைவாகக் கொடுத்தார்; ஆனால் இருவருமே கடமையாகக் கொடுத்தார்கள். பணம் பொதுவில் சேர்ந்த பிறகு அதில் தன் பங்கு எது என்று ஒருவரும் பிரித்துக் கேட்க முடியாது. அதன் குறையையும் சொல்ல வேண்டும். உறவின்முறை என்பது ஒரு சாதியின் வட்டம். பொது என்று அது கருதியது முழு ஊரின் பொது அன்று.

வெளியே போனவர்கள் பணத்தைவிடப் பெரியதையும் கொண்டுவர முடியும். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில், விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த வட்டாரத்தில், அந்த அறிவு ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், லேபிள் அடிக்கப் போய் அச்சகமும் வளர்ந்தன. சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

அதே தொழிலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் பல பத்தாண்டுகள் தீப்பெட்டி ஆலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குழந்தைக்காகவும் வேலைக்கு வைத்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பில் கிட்டத்தட்ட 40 பேர் மாண்டார்கள். ஒரு வளர்ச்சியின் பலனும் பாரமும் ஒரே ஆள்மேல் விழுவதில்லை. தவறாகப் போனால் விலகிக்கொள்ள முடிந்தவர் ஒருவர். அதிலேயே வாழ வேண்டியவர் இன்னொருவர். முடிவெடுக்கும் உரிமையைப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

கொடுப்பவர் பக்கத்து நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. வளைகுடாவின் வெயிலில் உழைத்தவர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்புகிறார். அது உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் பையில் போய் முடங்கிவிடக் கூடாது என்று அவர் நினைப்பதில் தவறில்லை. வேறு நாட்டின் பள்ளியையும் மருத்துவமனையையும் நேரில் கண்டவர், ஊர்க்காரர் கேட்கத் தயங்கும் ஒன்றைக் கேட்கத் துணிவார். ஊர் என்று பேசுபவர்களும் ஊர் முழுவதையும் பேசுபவர்கள் அல்லர். பெண்களின் குரல் ஊர்க்கூட்டத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறது? கணக்குக் கேட்கும் உரிமையும் யோசனை சொல்லும் உரிமையும் கொடுப்பவருக்கு நிச்சயம் உண்டு. ஆனால் அவை தீர்மானிக்கும் உரிமை ஆகாது.

ஏன் ஆகாது என்பதற்கு வலுவான காரணம், பணம் உறவைத் தேடித்தான் போகிறது என்பது. மெக்சிகோவின் சக்காத்தேகஸ் மாநிலத்தில், அமெரிக்காவுக்குப் போனவர்களின் சங்கங்கள் சொந்த ஊருக்கு ஒரு பங்கு கொடுத்தால் மத்திய, மாநில, உள்ளூர் அரசுகள் ஆளுக்கொரு பங்கு சேர்க்கும் திட்டம் வளர்ந்தது. 2002-இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. சாலைகளும் குடிநீரும் வந்தன. ஆனால் வெளிநாட்டில் வலுவான சங்கம் உள்ள ஊர்களே பலன் பெற்றன, மிக ஏழையான ஊர்கள் பின்தங்கின என்ற விமர்சனமும் எழுந்தது. இலங்கையிலும் இதே நிலைதான்: யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் டொராண்டோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. வன்னியின் சின்னப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு அந்தப் பலம் இல்லை.

பட்டாசு வட்டாரத்துக் கிராமத்துக்கும் இது பொருந்தும். மருந்துக் கலவை அறையில் நிற்பவருக்கும், வீட்டுத் திண்ணையில் குழாய் உருட்டும் பெண்ணுக்கும் வெளிநாட்டில் அண்ணனோ மாமனோ இருப்பது அரிது. அவர்கள் தெருவுக்காக வாட்ஸ்அப் குழுவில் பேச ஆளில்லை. வெளியே போகும் வசதி யாருக்குக் கிடைத்ததோ அவர்கள் தெருவுக்கே வெளியிலிருந்து பணமும் வந்தால், நேற்றைய ஏற்றத்தாழ்வு இன்றைய கொடையால் இன்னும் கெட்டிப்படும். தலித் குடியிருப்பான காலனியை விட்டுவிட்டு ஊருக்கு நன்மை செய்ததாகச் சொல்வது அறமாகாது.

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1950-களின் இறுதியில், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல் முதலில். யார் கொடுப்பது என்பது பிறகு. பெஞ்சும் கட்டடமும் அப்படி வந்தன. இன்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூட வேண்டும். அந்தச் சபையில், காலனியும் பெண்களும் உட்கார்ந்திருக்கும் சபையில், தேவைகளின் பட்டியல் எழுதப்படட்டும். வெளியூர் போனவர் அதிலிருந்து எடுத்துச் செய்யட்டும். செலவுக் கணக்கு அதே சபையில் படிக்கப்படட்டும். தீக்காயம் பட்டவரின் தொடர் சிகிச்சையோ, ஆலையில் தாயை இழந்த பிள்ளையின் படிப்போ பட்டியலில் கோயில் கோபுரத்துக்கு மேலே வந்தால், அதை மாற்றி எழுதக் கொடுப்பவருக்கு உரிமை இல்லை. பாதுகாப்பான ஆலையும் நியாயமான கூலியும் முதலாளியும் அரசும் செய்ய வேண்டியவை. வெளியூர்ப் பணம் அவர்கள் கடமையை மறக்க இடம் கொடுக்கவும் கூடாது.

திருக்குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவறிதல். இரங்கிக் கொடுப்பதற்கு முன்பே, தன்னை வளர்த்த சமூகத்துக்குச் செய்ய வேண்டியதை அறிவது வருகிறது. வெளியே போனவரைப் படிக்கவைத்ததில் பிடி அரிசி எடுத்துவைத்த கைகளின் பங்கு உண்டு. தீக்குச்சி அடுக்கிய கைகளின் பங்கும் உண்டு. அந்தக் கணக்கை ஏற்பவருக்கு ஊருக்கு அனுப்பும் பணம் கடன் தீர்ப்பது. கடனைத் திருப்பித் தருபவர், அதை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று கடன் கொடுத்தவருக்குக் கட்டளையிட முடியாது. பழைய மகமை கடமையாகக் கொடுக்கும் பழக்கத்தைத் தந்தது. அதன் வட்டத்தைச் சாதியைத் தாண்டி ஊர் முழுவதற்கும் விரிப்பது இந்தத் தலைமுறையின் பொறுப்பு.