அனுபவம் ஆசானாகுமா?

படித்தவன் கற்பிப்பதா, பட்டவன் கற்பிப்பதா என்னும் வினா பழையது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளால் அது மீண்டும் நம் முன் வந்து நிற்கிறது. தம் தொழிலில் 15 ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் உடையவரை, உயர் பட்டங்கள் இல்லாவிடினும், பேராசிரியராகக் குறிப்பிட்ட காலத்திற்குக் கல்லூரிகள் அமர்த்திக்கொள்ளலாம் என்கின்றன அந்நெறிகள். காவல் துறையிலும் தீயணைப்புத் துறையிலும் ஆயுளைக் கழித்தவர்கள் வகுப்பறையில் நின்று பொதுப் பாதுகாப்பைக் கற்பிக்க இதனால் வாயில் திறந்திருக்கிறது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் நிபந்தனையோடு வரவேற்கிறோம்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர் பள்ளிப் படிப்பு மிகக் குறைவாக உடையவர். ஆயினும் 1916இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் காவலர்க்குரிய கோடை வகுப்புகள் தோன்ற அவரே காரணரானார். பின்னாளில் அங்குப் பேராசிரியராகவும் அமர்ந்தார். நம் மதரஸாக்களின் மரபும் இதற்குத் தொலைவானதன்று. கிதாபு கையில் இருந்தால் மட்டும் போதாது. இன்ன உஸ்தாதிடம் நேரில் ஓதினேன் என்னும் இஜாஸத்தும் வேண்டும் என்றல்லவா நம் முன்னோர் விதித்தனர்?

இனி, கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2024 ஜூன் மாதத்தில் அந்நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் கள்ளச்சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனால் உடனே கொல்வதில்லை. அதன் கொடுமையே அதுதான். கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, இரத்தத்தில் அமிலத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. இதற்குப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரையில் குடித்தவர் போதை தெளியவில்லை என்றெண்ணிப் படுத்துக் கிடப்பார்; வீட்டாரோ வெட்கத்தால் வாய் திறவார். முன்னரே மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு. இறந்தவர் வீட்டுத் துக்கத்திற்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தனர் என்று அந்நாளையச் செய்தித்தாள்கள் எழுதின. ‘கண் மங்குகிறது என்றால் உறங்கவிடாதே, தூக்கிக்கொண்டு ஓடு’ என்னும் ஒரு சொல்லை அறிந்த மாணவன் தெருவுக்கு ஒருவன் இருந்திருப்பின்!

அந்தச் சொல்லை அனுபவம் உடைய எவரும் சொல்லியிருக்க முடியும். 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20க்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. கல்வராயன் மலையிலோ, வெல்லமும் மரப்பட்டையும் கொண்டு ஊறல் போடுவதும், காவலர் மலையேறிச் சென்று பேரல்களைக் கவிழ்த்துக் கொட்டுவதும் நெடுங்காலக் கதை. ஆகவே அனுபவத்திற்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் சாவு நேர்ந்தது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், ஆட்சியர் மாற்றப்பட்டார், உயர் நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

அனுபவம் கண்ணைத் திறக்கும். நாளடைவில் பழக்கமாகிக் கண்ணை மூடவும் செய்யும். நாள்தோறும் ஊறலைக் கொட்டுபவனுக்கு அது அன்றாட வேலையாகிவிடுகிறது. ஆலைகளுக்குரிய மெத்தனால் மலையில் விளைவதன்று, கீழேயிருந்து வருவது என்ற வேறுபாடும் அவன் பேச்சில் மறைந்து, பழி முழுவதும் மலைவாழ் மக்கள் தலையில் விழுகிறது.

நம் நிபந்தனை இங்கேதான் பிறக்கிறது. ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பாளரை ஏற்க இரண்டினைப் பார்ப்பர். ஒன்று ழப்து: கண்டதையும் கேட்டதையும் பிசகாமல் காத்துச் சொல்லும் திறன். மற்றொன்று அதாலத்: நேர்மை. நீண்ட காலப் பணி முன்னதைத் தரலாம்; பின்னதைத் தராது. தன் துறை தவறிய இடத்தைத் தானே எடுத்துச் சொல்லும் நேர்மையை எந்தப் பதவியும் எவருக்கும் வழங்கிவிடுவதில்லை. வீரச்செயல்களை மட்டும் விரித்துரைப்பவர் வகுப்பு எடுக்கவில்லை. தம் துறைக்கு விளம்பரம் செய்கிறார்.

ஏப்ரல் 14ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகைன் என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்து, அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் 66 பேர் உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம் நடைபெறுகிறது. தியாகத்தைப் போற்ற வேண்டியதுதான். ஆயினும் பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏன் ஏற்றப்பட்டன, ஆபத்தைக் காட்டும் செங்கொடி அதில் ஏன் ஏற்றப்படவில்லை என்று கேட்கும் வகுப்பே வருங்காலத்தில் உயிர் காக்கும் வகுப்பு.

‘அதிகாரிகளே தம் குறையைச் சொன்னால் மக்களுக்குக் காவல் துறைமீது நம்பிக்கை போய்விடாதா?’ என்பர் சிலர். கருணாபுரத்தில் போன நம்பிக்கை குறையைச் சொன்னதால் போயிற்றா, சொல்லாததால் போயிற்றா?

‘நாம் குடிப்பவரல்லர், நமக்கு இதனால் என்ன?’ என்று நம் இல்லங்களில் எண்ணுவோரும் இருக்கலாம். அதே மாவட்டத்துச் சங்கராபுரத்தில் 2021 அக்டோபரில் பட்டாசுக் கடையில் பற்றிய தீ, அடுத்திருந்த பேக்கரியின் எரிவாயு உருளைகளையும் வெடிக்கச் செய்து, 5 பேருக்குக் குறையாமல் பலி கொண்டது. எரிவாயு உருளை இல்லாத அடுக்களை இன்று எங்கே இருக்கிறது? கசியும் உருளையின் அருகே சுவிட்சைத் தொடலாகாது, எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றலாகாது என்பவற்றை நம் பெண்மக்களில் எத்தனை பேருக்கு யார் கற்பித்தார்கள்? மருத்துவக் கலையைப் பர்ளு கிஃபாயாவில் சேர்த்தார் இமாம் கஸ்ஸாலி. ஊரில் ஒருவர் அறிந்து செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும்; எவரும் அறியாவிடில் எல்லோரும் குற்றவாளிகள். தீயையும் நஞ்சையும் பற்றிய இவ்வறிவும் அந்த வகையைச் சார்ந்ததே என்பது நமது துணிபு.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அவ்வழிகாட்டு நெறிகள் உயர்நிலையில் பணியாற்றியவர்களையே பெரிதும் விரும்புகின்றன. ஆனால் புகைக்குள் நுழைந்தவர் தீயணைப்பு வீரர். பேரலைக் கவிழ்க்க மலையேறியவர் சாதாரணக் காவலர். அறிக்கையில் கையொப்பமிட்டவருக்கு நாற்காலியும், கண்ணால் கண்டவருக்கு வாசற்படியும் என்றால் சாட்சியம் எங்கிருந்து வரும்? வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகள் இறங்கி வந்து பயிலும் கல்லூரி ஒன்று, பேராசிரியர் பதவி தர இயலாவிடினும், ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவரை ஒரு பிற்பகல் அழைத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடலாம். மெத்தனால் எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்பதே அவர்களுடைய முதற்கேள்வியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்.